வலி இல்லாமலேயே இம்ப்ளான்ட் கிழியும்

மார்பில் சிலிக்கோன் இம்ப்ளான்ட் வைத்து ஒன்பது பத்து வருடம் ஆகியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று பெரிதாகிறது. முதலில் பார்த்த இடத்தில் ஊசி போட்டு நீரை உறிஞ்சி எடுத்து, ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வீக்கம் வடிகிறது, இரண்டு மாதத்தில் திரும்பவும் வருகிறது. எடுத்த நீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்டால், "கீழே ஊத்திட்டாங்க டாக்டர், வலிதான் இல்லையே, நானும் விட்டுட்டேன்" என்று பதில். ஸ்கேன் அறையில் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த "வலி இல்லையே"வை முதலில் பார்த்துவிடுவோம்.

உப்புநீர் நிரப்பிய இம்ப்ளான்ட் கிழிந்தால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். கசியும் நீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். சில மணி நேரத்திலோ சில நாளிலோ அந்தப் பக்கம் சப்பிப்போகும். சிலிக்கோன் அப்படி இல்லை. இம்ப்ளான்ட்டைச் சுற்றி உடம்பே நார்த்திசுவால் மெல்லிய பை ஒன்றைக் கட்டிக்கொள்கிறது. உள்ளே இம்ப்ளான்ட்டின் சொந்த உறை கிழிந்தாலும், கெட்டியான சிலிக்கோன் ஜெல் பெரும்பாலும் அந்தப் பைக்குள்ளேயே நின்றுவிடும். அளவு மாறாது, வடிவம் மாறாது. உறைக்கு நரம்பு கிடையாது, அதனால் கிழியும்போது வலியும் தெரியாது. பலூன் மாதிரி வெடிக்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் காத்திருக்கிறார்கள். அப்படி எதுவும் நடக்காது. கண்ணாடியில் தெரியாது, அனுபவமுள்ள மருத்துவரின் கைக்கும் பல நேரம் பிடிபடாது. "டாக்டர் தொட்டுப் பார்த்து நல்லா இருக்குன்னு சொன்னார்" என்பதை வைத்து உறை முழுசாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

மேமோகிராம் நார்மல் என்பதை வைத்தும் முடிவு கட்டாதீர்கள். அது மார்புத் திசுவைப் பார்க்கும் படம். சிலிக்கோன் அதில் ஒரே வெள்ளைப் பிண்டமாக நிற்கும். பைக்குள் நடந்த கிழிசல் அந்த வெள்ளைக்குள்ளேயே மறைந்துவிடும்.

உறையைப் பார்க்க அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ வேண்டும். சிலிக்கோன் வைத்தவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், ஆபரேஷனுக்குப் பின் 5 அல்லது 6 வருடத்தில் முதல் ஸ்கேன், அதன்பின் 2 அல்லது 3 வருடத்துக்கு ஒருமுறை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020-ல் பரிந்துரைத்தது. இம்ப்ளான்ட் ஆயுளுக்கும் நிற்கும் பொருள் அல்ல என்ற எச்சரிக்கையைக் கட்டம் கட்டி அச்சிட வேண்டும் என்று 2021-ல் உத்தரவே போட்டது. எம்.ஆர்.ஐ.க்கு எழுதும் சீட்டில் வெறுமனே "மார்பு" என்று இருந்தால் போதாது. இம்ப்ளான்ட்டின் உறை கிழிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி எழுத வேண்டும். சிலிக்கோனைத் தனியாகப் பிரித்துக் காட்டும் படவரிசைகளை அப்போதுதான் எடுப்பார்கள். கிழிசலை மட்டும் பார்ப்பதற்கு மருந்து ஊசி தேவையில்லை.

கிழிந்த உறை ஜெல்லுக்குள் சரிந்து, மடிந்து மடிந்து மிதக்கும். எம்.ஆர்.ஐ.யில் அது வளைந்து நெளிந்த கருங்கோடுகளாகத் தெரியும். லிங்குயினி அடையாளம் என்போம். அதே மடிப்புகள் அல்ட்ராசவுண்டில் ஏணிப்படி போல ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். ஜெல் பையைத் தாண்டி வெளியே போயிருந்தால் அந்த இடம் பனிப்புயல் மாதிரி வெள்ளையாக மங்கிவிடும். அக்குள் நெறிக்கட்டிலும் இதைப் பார்க்கலாம். சிலிக்கோன் ஏறிய நெறியைப் புற்றுநோய் என்று தவறாக நினைக்க நேரலாம். எனவே அக்குளில் கட்டி என்று எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியத்திலேயே இம்ப்ளான்ட் இருப்பதைச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு மறைப்பவர்கள் நிறைய. கிழிசல் உறுதியானால் இரவோடு இரவாக ஓட வேண்டாம். நிதானமாகத் திட்டமிட்டு எடுத்துவிடலாம்.

இனி, கீழே ஊற்றிய அந்த நீர்.

ஸ்கேனில் இம்ப்ளான்ட்டைச் சுற்றிச் சில மில்லி நீர் தெரிவது சாதாரணம். ஆபரேஷன் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆனபின், அடியோ காய்ச்சலோ இல்லாமல் ஒரு பக்கம் நீர் கோத்து வீங்கினால் அது சாதாரணம் அல்ல. இம்ப்ளான்ட்டைச் சுற்றியுள்ள பையில் உருவாகும் ஒரு லிம்போமா பல பேருக்கு முதலில் இப்படித்தான் தலைகாட்டுகிறது. பெயர் பி.ஐ.ஏ.-ஏ.எல்.சி.எல். இது மார்புப் புற்றுநோய் அல்ல, நோய் எதிர்ப்புச் செல்களில் வரும் புற்று. அரிது, சொரசொரப்பான மேற்பரப்பு உள்ள இம்ப்ளான்ட்களோடுதான் பெரும்பாலும் தொடர்புடையது, சராசரியாக 8 முதல் 10 வருடம் கழித்து வரும். இதனால்தான் அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகை 2019 ஜூலையில் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. பைக்குள் இருக்கும்போதே கண்டுபிடித்தால், இம்ப்ளான்ட்டையும் பையையும் முழுசாக எடுப்பதே பெரும்பாலோருக்குப் போதுமான சிகிச்சை.

அதனால் அந்த நீர்தான் நோயைச் சொல்லும் சாட்சி. அல்ட்ராசவுண்டில் ஊசி முனையைப் பார்த்துக்கொண்டே எடுக்க வேண்டும். கண்ணை மூடிக் குத்தினால் நல்ல உறையும் ஓட்டையாகும். எடுத்த நீர் முழுவதும் லேபுக்குப் போக வேண்டும். வெறும் கிருமிப் பரிசோதனை போதாது. செல் பரிசோதனை, சி.டி.30 சாயம் (இந்த லிம்போமா செல்களின் அடையாளப் புரதத்தைக் காட்டுவது), ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை வகை பிரித்து எண்ணுவது) மூன்றையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். முதல் முறை எடுக்கும் நீரில்தான் தடயம் நன்றாகக் கிடைக்கும்; மறுபடி மறுபடி எடுக்கும்போது நீர்த்துப்போகலாம். சக மருத்துவர்களுக்கும் இதுதான் வேண்டுகோள்: சிரிஞ்சைக் காலி செய்யும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

சொரசொரப்பான வகை வைத்திருக்கிறோமே என்று இதைப் படித்துப் பதற வேண்டாம். அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் பயத்தில் எடுத்துவிடத் தேவையில்லை. மாற்றம் தெரிந்தால் தாமதிக்காதீர்கள், அவ்வளவுதான்.

சுற்றியிருக்கும் பை இறுகுவது இன்னொரு தொல்லை. பேக்கர் என்ற அளவுகோலில் நான்கு படி உண்டு: முதல் படியில் மென்மை, இரண்டில் தொட்டால் மட்டும் கெட்டி, மூன்றில் பார்வைக்கே வடிவம் கோணல், நான்கில் அதோடு வலி. வருடக்கணக்கில் மென்மையாக இருந்த மார்பு திடீரென இறுகினால் உள்ளே உறை கிழிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். யாராவது கையால் பலமாக அழுத்திப் பையை "உடைத்துத் தருகிறேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பையோடு சேர்ந்து உறையும் கிழியும், ரத்தமும் கட்டும்.

புதிதாக ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கணக்கு வேறு. முதல் ஓரிரு நாளில் ஒரு பக்கம் மட்டும் விறுவிறுவென்று வீங்கி, இறுகி, கன்றிப்போனால் உள்ளே ரத்தம் கட்டுகிறது. காலை வரை காத்திருக்காதீர்கள். சிவப்பு, சூடு, காய்ச்சல், தையலில் கசிவு இருந்தால் அன்றே போங்கள். தோல் மெலிந்து இம்ப்ளான்ட் பளபளவென்று தெரிந்தாலும் அன்றே.

மேமோகிராமை விட்டுவிடவும் கூடாது. நேரம் வாங்கும்போதே இம்ப்ளான்ட் இருப்பதைச் சொல்லுங்கள். வழக்கமான நான்கு படத்தோடு, இம்ப்ளான்ட்டைப் பின்னால் தள்ளித் திசுவை மட்டும் முன்னால் இழுத்து இன்னும் நான்கு எடுப்பார்கள். மெஷின் முன்னால் வந்து நின்றபின் சொன்னால் அந்தத் தயாரிப்பு இருக்காது.

கடைசியாக, இம்ப்ளான்ட் அட்டை. நிறுவனம், மாடல், வரிசை எண், கொள்ளளவு, மேற்பரப்பு வழுவழுப்பா சொரசொரப்பா, வைத்த தேதி எல்லாம் அதில் இருக்கும். சந்தையிலிருந்து எதையாவது திரும்பப் பெற்றால் அது உங்களுடையதா என்று தெரிய இந்த அட்டைதான் வழி. தொலைத்திருந்தால் ஆபரேஷன் செய்த இடத்தில் இந்த வாரமே நகல் கேளுங்கள். மருத்துவமனைகள் பழைய கோப்புகளைக் காலத்துக்கும் வைத்திருப்பதில்லை. கிடைத்ததும் இரண்டு பக்கத்தையும் போனில் படம் பிடித்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.