கசியும் அணையும் கலங்கிய நீரும்

மண் அணையின் அடிவாரத்தில் நீர் கசிவதைக் கண்டதுமே அணை உடையப்போகிறது என்று அஞ்ச வேண்டியதில்லை. மண்ணால் எழுப்பிய எந்தக் கரையும் ஓரளவு கசியத்தான் செய்யும். அந்த நீர் எவ்வளவு வருகிறது, தெளிந்து வருகிறதா, கலங்கி வருகிறதா என்பதையே பொறியாளர்கள் கவனிக்கிறார்கள்.

கரையின் நடுவே இறுக்கப்பட்ட களிமண் நீரின் வேகத்தை வெகுவாகக் குறைத்துவிடுகிறது. அதையும் தாண்டி ஊடுருவும் நீரை, பின்னாலுள்ள மணலும் சரளையும் சேர்ந்த வடிகட்டி, மண் துகள்களைத் தடுத்து நிறுத்திவிட்டு வடிகாலுக்கு அனுப்புகிறது. வடிகாலின் முடிவில் வி வடிவில் வெட்டிய தகடு ஒன்று இருக்கும். அந்த வெட்டில் நீரின் உயரம் இருமடங்கானால், கசிவு ஏறத்தாழ 5.6 மடங்காகிவிட்டது என்று பொருள். ஆகவே விரலளவு ஏற்றமும் அற்பமானதல்ல.

பழைய அணைகள் பலவற்றில் இந்த வடிகட்டியே கிடையாது. கரைக்குள் புதைத்த குழாய் துருப்பிடிக்கிறது. பட்டுப்போன மரத்தின் வேர் மக்கி, உள்ளே துளையாகிறது. அத்துளை வழியே மண்ணும் வெளியேறத் தொடங்கினால், அரிப்பு வெளிப்புறத்திலிருந்து நீர்த்தேக்கத்தை நோக்கிப் பின்னோக்கி வளரும். புத்தம்புது அணையும் இதற்கு விலக்கல்ல: அமெரிக்காவின் டீட்டன் அணையில் 1976 ஜூன் 5 அன்று காலையில் சேற்றுநீர் கசிந்தது, நண்பகலுக்குள் அணை உடைந்துவிட்டது.

முதுமையின் இன்னொரு முகம் வண்டல். தேக்கம் தூர்ந்துபோகத் தூர்ந்துபோக, வெள்ளத்தை வாங்கி வைத்து மெல்ல விடுவதற்கான இடம் சுருங்குகிறது. மழைக்கு முன்பே மட்டத்தைக் குறைக்கலாமே என்றால், அதையும் அவசரமாகச் செய்ய முடியாது. நீரில் ஊறிய உட்புறச் சரிவு, தன்னைத் தாங்கி நின்ற நீர் சட்டென்று விலகினால் சரிந்துவிடும்.

மண் அணைக்குப் பெரும் எதிரி, கரைமேல் வழியும் நீர். கான்கிரீட் சிறிது நேரம் தாங்கக்கூடும். மண் அரித்துக்கொண்டு போய்விடும். 1853இல் முடிக்கப்பட்ட பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணையில், மட்டத்தைக் குறைக்க உதவிய அடிக்குழாய்கள் அகற்றப்பட்டு, பிறகு திரும்பப் பொருத்தப்படவே இல்லை. மீன்கள் தப்பிவிடாதிருக்க மிகைநீர் வழியில் வலைத்தடுப்பும் வைத்திருந்தார்கள். 1889 மே 31 அன்று பெருமழையில் அத்தடுப்பைக் குப்பை அடைத்துக்கொண்டது. நீர் கரைமேல் ஏறி வழிந்தது. அணை உடைந்து 2,209 பேர் இறந்தனர்.