லோகோவுக்கு முன்னால் இஞ்சு டேப்

மொரிஷியஸில் சொந்தமாகத் துணி பிராண்டு தொடங்க ஆசைப்பட்டு என்னிடம் வருபவர்கள் கிட்டத்தட்ட ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். பெயர் வைத்தாயிற்று, லோகோ வரைந்தாயிற்று, இன்ஸ்டாகிராம் பக்கமும் திறந்தாயிற்று. இனி டீ-சர்ட் மட்டும் தைத்தால் போதும். யார் உடுத்தப்போகிறார்கள் என்று கேட்டால் "எல்லாரும்தான் மாஸ்டர்" என்பார்கள். திருப்பூரில் தொழில் கற்று, இங்குள்ள ஏற்றுமதி ஆலைகளில் பேட்டர்ன் மாஸ்டராக இருந்து, இப்போது சிறு பிராண்டுகளுக்கு அளவும் சாம்பிளும் பார்த்துக் கொடுக்கிறேன். "எல்லாரும்" என்கிற ஆளுக்குத் தோள் எத்தனை இஞ்சு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

டீயைக் கொடுத்து இன்னும் கொஞ்ச நேரம் பேசவிட்டால் வேறு கதை வெளியே வரும். பிள்ளைகள் பிரான்சுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போய்விட்டிருப்பார்கள். இல்லையென்றால் கை நிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டு நாள் முழுக்கக் கம்ப்யூட்டரோடு மட்டும் குடித்தனம் நடத்துபவராக இருப்பார். கணவரை இழந்தபின் சாயங்காலம் ஆனாலே என்ன செய்வதென்று தெரியாமல் தவிப்பவரும் வந்ததுண்டு. வியாபாரத்தைவிட, காலையில் எழுந்திருக்க ஒரு காரணமும் நாலு பேர் முகமும்தான் இவர்களுக்கு வேண்டியிருக்கிறது. அதில் தப்பே இல்லை. சிக்கல் அவர்கள் பிடிக்கும் வழியில் இருக்கிறது. படத்தை இணையத்தில் ஏற்றிவிட்டால் எங்கோ ஒரு நிறுவனம் அச்சடித்து, எங்கோ இருப்பவருக்குக் கூரியரில் அனுப்பிவிடுகிறது. வாங்கியவர் குண்டா ஒல்லியா, கழுத்து இறுக்குகிறதா, ஒரு துவைப்பில் சுருங்கிப்போச்சா, ஒன்றும் தெரியாது. ராத்திரி படுத்துக்கொண்டு லைக் எண்ணுவதுதான் மிச்சம். ஆள் பழக்கம் தேடி வந்தவர், பிராண்டு நன்றாக ஓடும்போதுகூட முன்னைவிடத் தனியாக உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே நான் முதலில் சொல்வது, தைக்கிற ஒருவரைத் தேடிப் பிடியுங்கள் என்பதுதான். இந்தத் தீவில் அதற்குப் பஞ்சமே இல்லை. 1970-இல் ஏற்றுமதி வளாகச் சட்டம் வந்தது. 80-களில் கரும்புத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் இருந்தெல்லாம் பெண்கள் 'லிசீன்' என்று இங்கே சொல்லும் ஆலைகளுக்குக் கிளம்பினார்கள். 2004 முடிவோடு உலக ஜவுளி வர்த்தகத்தில், எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று வரம்பு வைத்த கோட்டா முறை போனது; ஆலைகள் பல மூடின, சில வேறு நாட்டுக்கு மாறின. வேலை போனதே தவிர, அந்தக் கைகளிலிருந்து தொழில் போகவில்லை. ரோஸ் ஹில், காத்ர் போர்ன் ஊர்ச் சந்துகளில் வீட்டு முன்னறையில் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் தாந்தீன்கள் இன்றும் உண்டு. (வயதில் மூத்த பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறோம், நம் ஊர் அத்தை, பெரியம்மா மாதிரி.) கழுத்துப் பட்டியைத் தொட்டுப் பார்த்தே "இந்த ரிப் இழுத்தால் திரும்ப வராது" என்று சொல்லிவிடுவார்கள். தயவுசெய்து அவர்களிடம் உறவு கொண்டாடிக் கூலியைக் குறைக்காதீர்கள். பீஸ் ரேட்டை முதலிலேயே பேசி, சரக்கை எடுக்கும் அன்றே கையில் கொடுங்கள். கூலி பாக்கி வைத்துவிட்டு மனித உறவு என்று பேசுகிற பிராண்டுக்காரர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தமிழ்க் குடும்பத்து இளைஞர்கள் கேட்பது பெரும்பாலும் தமிழ் எழுத்து போட்ட சட்டை. சுற்றுலாப் பயணிகளுக்கு டோடோ பறவை டீ-சர்ட் இருக்கிறது, நமக்கென்று என்ன இருக்கிறது என்பார்கள். நியாயம்தான். வீட்டில் கிரியோல் பேசினாலும், தைப்பூசக் காவடிக்கு ரோஜா நிறத்தில் உடுத்திக்கொண்டு நடக்கிறவர்கள். 1998-இல் புது ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தின் இடம் மாறியதற்காகக் குரல் எழுப்பி, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்த சமூகம் இது. அப்பேர்ப்பட்ட இடத்தில் நெஞ்சில் போட்டிருக்கும் தமிழ் தப்பாக இருந்தால் எப்படி இருக்கும்? ஆனால் தப்பாகத்தான் வருகிறது. ஆர்ட்வொர்க் செய்பவருக்குத் தமிழ் தெரியாது; அவருடைய பழைய மென்பொருளுக்கும் தெரியாது. 'வெற்றிவேல்' என்று ஒட்டினால் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், பக்கத்தில் ஒரு புள்ளி வட்டமும் வந்து உட்காரும். தமிழ் சரியாகத் தெரிகிற கணினியில் எழுதி, எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றிய பிறகே பைலை அனுப்ப வேண்டும். அச்சுக்கான ஸ்கிரீன் சட்டம் எடுப்பதற்கு முன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

அந்த ஒருவரைத் தேடுவதில்தான் விஷயமே இருக்கிறது. இருபது சொச்சம் வயதுப் பையன் ஒருவன் கோயிலில் தமிழ் வகுப்பு எடுக்கும் பெரியவரிடம் டிசைனைக் கொண்டுபோனான். அவர் பிழையைத் திருத்தியதோடு விடாமல், அந்த வரி எந்தப் பாட்டில் வருகிறது என்று ஆரம்பித்துவிட்டார். இப்போது பையன் சனிக்கிழமைகளில் அங்கேதான் இருக்கிறான். டீ-சர்ட் சுமாராகத்தான் விற்கிறது.

அளவு விஷயத்துக்கு வருகிறேன். இது என் வயிற்றுப்பிழைப்பு, கொஞ்சம் நீளும். வெளிநாட்டு அளவு அட்டவணையை இறக்கி, அப்படியே வெட்டாதீர்கள். உங்கள் சட்டையை உடுத்தப்போகும் ஐந்தாறு பேரை நேரில் உட்காரவைத்து டேப் பிடியுங்கள். போட்டுப் பார்க்கச் சொல்லி, கையைத் தூக்கச் சொல்லுங்கள். பால்குடம் எடுக்கும் பெண்களுக்காக ஒருவர் குர்தா தைத்தார். கை தாராளமாக இருக்கட்டும் என்று அக்குள் வெட்டை நன்றாகக் கீழே இறக்கியிருந்தார். குடத்தைத் தலையில் வைத்துக் கையைத் தூக்கியதும் மொத்தக் குர்தாவும் இடுப்புக்கு ஏறிவிட்டது. அக்குள் வெட்டு மேலே ஏற ஏறத்தான் கை சுதந்திரமாக அசையும். கீழே இறங்கினால் கையோடு சேர்ந்து உடம்புத் துணியும் மேலே போகும். கேட்டால் தலைகீழாகத் தோன்றும். ஒரு ஆளை நிற்கவைத்துக் குண்டூசி குத்திப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் புரிந்துவிடும். பின்னலாடைத் துணி என்றால் ரோலைப் பிரித்து ஒரு நாள் தளரவிட்டு வெட்டுங்கள். அச்சடித்த பீஸை ஐந்து முறையாவது துவைத்துப் பாருங்கள்; டீ-சர்ட் அச்சுக்குப் போடும் பிளாஸ்டிசால் மை முழுச் சூட்டில், அதாவது சுமார் 160 டிகிரி செல்சியஸில், வேகவில்லை என்றால் உரிந்து வரும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: துணி, கூலி, அச்சு, வெட்டில் போகும் கழிவு எல்லாவற்றோடும் உங்கள் நேரத்துக்கும் ஒரு விலை போடுங்கள். பெரிய ஆலைகள் ஐம்பது பீஸ் ஆர்டரைத் தொடமாட்டார்கள். ஏற்றுமதியில் மிச்சமான ரோல்களைக் கேட்டு வாங்குங்கள். பிராண்டுப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள், 10 ஆண்டுக்குச் செல்லும். சொந்தக்காரர்கள் முதல் சட்டையைப் பாசத்துக்காக வாங்குவார்கள். இரண்டாவது சட்டையை யார் வாங்குகிறார்கள் என்பதுதான் கணக்கு.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று வாரக்கணக்கில் இருப்பவர் பிராண்டு தொடங்குவதற்கு முன் மருத்துவரைப் பார்க்கவேண்டும். அரசு மருத்துவமனைகளில் இங்கே சிகிச்சை இலவசம். தைப்பது மனதுக்கு நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆர்டர், கடன், திரும்பி வந்த சரக்கு இதெல்லாம் ஏற்கெனவே சோர்ந்தவரைப் படுக்கவைத்துவிடும்.

நான் பார்த்ததில் எனக்கு நிறைவு தந்த பிராண்டு ஒன்று இருக்கிறது. தொடங்கிய பெண் முதலில் பொன்மொழி டீ-சர்ட்தான் போட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காத்ர் போர்ன் சந்தையில் ஒரு அம்மா சட்டைகளைப் புரட்டிவிட்டு, "கை அகலமாக ஒன்றும் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். மகனுக்கு டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் ஊசியோடு படுத்திருக்கவேண்டும். ஏசி குளிர் தாங்கவில்லை. முழுக்கை போட்டால் மேலே சுருட்டவேண்டும். ஊசி ஏற்றுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துவைத்த கையை (ஃபிஸ்டுலா கை என்பார்கள்) எதுவும் இறுக்கக்கூடாது. சர்க்கரை நோய் இல்லாத வீட்டைத் தேடவேண்டியிருக்கும் இந்த நாட்டில், இந்தக் கேள்வி அந்த அம்மாவுடையது மட்டுமல்ல.

அந்தப் பெண் என்னிடம் வந்தபோது முதல்முறையாக ஒரு ஆளின் அளவைக் கொண்டுவந்தார். தோளிலிருந்து மணிக்கட்டு வரை திறக்கிற கை, உள்ளே ஜிப் பல் தோலில் படாதபடி ஒரு பட்டி, சதுர மீட்டருக்கு 240 கிராம் எடையுள்ள (240 ஜிஎஸ்எம்) இன்டர்லாக் பின்னல் துணி. ரத்தக்கறை தெரியாமல் இருக்க மெரூன் என்று அவர் சொன்னார், எனக்கும் சரியாகத்தான் பட்டது. சாம்பிளைப் பார்த்த நர்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை: கசிந்தால் உடனே கண்ணில் படவேண்டும், வெளிர் நிறம் போடுங்கள் என்றார். நிறம் மாறியது. கைக்குப் பதில் நெஞ்சில் குழாய் வைத்து டயாலிசிஸ் செய்பவர்களுக்குத் தனி மாடல் வந்தது. டயாலிசிஸ் நாளில் சட்டை கொண்டுபோனால் அந்தப் பெண் சீக்கிரம் திரும்புவதில்லை. யாருக்குப் பேத்தி பிறந்தது, யார் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கிறார்கள், எல்லாம் தெரியும். நோயாளிகளின் போட்டோவைப் பிராண்டு பக்கத்தில் போடுவதில்லை என்று முதல் நாளே முடிவுசெய்துவிட்டார். விற்பனைக்கு அது நஷ்டம்தான், எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

இப்போது அங்கே ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. ஜிப் போட்டால் ஒற்றைக் கையால் இழுத்துவிடலாம் என்கிறார் சட்டை போடுகிறவர். ஜிப் மாட்டிக்கொண்டால் ஊசியோடு இருக்கிற கையை எப்படி எடுப்பது, டிச் பட்டன் வை என்கிறார் தைக்கிற தாந்தீன். இரண்டுக்கும் சாம்பிள் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வரும் வாரம் போட்டுப் பார்க்கிறார்கள்.