வங்கியில் பிடித்த இன்சூரன்ஸ் உங்கள் வீட்டுக்கானதுதானா?

கடலூரில் வீட்டுக் கடன், வருமான வரி ஆலோசகராகப் பணியாற்றும் நான், 2024 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு திரும்பத் திரும்பக் கேட்டு மனம் நொந்த கேள்வி ஒன்று உண்டு: “சார், லோன் போடும்போதே பேங்க்ல இன்சூரன்ஸ் பிடிச்சாங்களே, அதுல க்ளெய்ம் பண்ணலாமா?”

அண்மையில் அதே கேள்வியோடு தென்பெண்ணைக் கரையோரக் குடியிருப்பிலிருந்து ஒரு தம்பதியர் வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த பாலிசிப் பத்திரத்தில், காப்பீடு செய்யப்பட்டவர் என்ற இடத்தில் கணவரின் பெயரும் பிறந்த தேதியும், நியமனதாரர் என்ற இடத்தில் மனைவியின் பெயரும் இருந்தன. கதவு எண்ணோ, சர்வே எண்ணோ, கட்டடத்தின் சதுர அடியோ பத்திரத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை. இனி யாரும் இந்த நிலையில் என் முன் வந்து உட்காரக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

கடனோடு சேர்த்து விற்கப்படுவது பெரும்பாலும் கடன் வாங்கியவரின் ஆயுள் மீதான காப்பீடு. அவர் இறந்துவிட்டால் மீதிக் கடனை அது அடைக்கும். குடும்பத்துக்கு அது நல்ல பாதுகாப்பு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சுவர் இடிந்தாலும், வயரிங் எரிந்தாலும், இடுப்பளவு தண்ணீர் வீட்டுக்குள் நின்றாலும் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது. அதன் பிரீமியம் பல நேரங்களில் மொத்தமாகக் கடன் தொகையிலேயே சேர்க்கப்படுவதால், அதற்கும் சேர்த்துத்தான் மாதாமாதம் வட்டி கட்டுகிறீர்கள். பணம் பிடித்தார்கள் என்பது உண்மை. வீட்டுக்காகப் பிடிக்கவில்லை என்பதும் உண்மை.

கட்டடத்துக்கான காப்பீடு தனி. 2021 ஏப்ரலிலிருந்து பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான பாலிசியை வழங்குகின்றன. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் அதில் அடங்கும். இங்கே பலர் பிரீமியத்துக்குப் பயந்தே விலகிவிடுகிறார்கள். வீட்டின் முழு விலைக்கும் பிரீமியம் கட்ட வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஆனால் நிலத்துக்குக் காப்பீடு கிடையாது. கட்டடத்தைத் திரும்பக் கட்டும் செலவுக்கு மட்டுமே காப்பீடு. கிரயப் பத்திரத்தில் 50 லட்சம் இருக்கலாம்; ஆயிரம் சதுர அடியைச் சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று கணக்கிட்டால் காப்பீட்டுத் தொகை 22 லட்சம்தான். அதற்கான பிரீமியம் மாதக் கணக்கில் பார்த்தால் சில நூறு ரூபாய்க்கு மேல் போவது அரிது. 2011-இல் தானே, 2020-இல் நிவர், 2024-இல் ஃபெஞ்சல் என்று புயல்கள் கரையைக் கடந்த இந்தக் கடற்கரையில் வீடு வைத்திருப்பவர்கள் அதைத் தவிர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய பிறகு பாலிசி கேட்டு ஓடிவராதீர்கள். ஐப்பசி பிறக்கும் முன்பே எடுத்துவிடுங்கள்.

மாதத் தவணை மட்டுமே வீட்டின் செலவு என்று நினைப்பதற்கு ஒரு காரணம், மற்றவை மாதந்தோறும் வருவதில்லை. சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை, மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, காப்பீடு ஆண்டுக்கு ஒரு முறை. அரையாண்டு வரி 3,000 ரூபாய் என்றால் மாதம் 500. இரு மாத மின் கட்டணம் 2,400 என்றால் மாதம் 1,200. ஆண்டுப் பிரீமியம் 2,400 என்றால் மாதம் 200. தவணைக்கு மேல் 1,900 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டுவையுங்கள். குடிநீர், பாதாளச் சாக்கடைக் கட்டணங்களுக்கும் அதிலேயே இடம் ஒதுக்குங்கள்.

சொத்து வரியை ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் முப்பது நாட்களுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, ஊக்கத்தொகை உண்டு. தாமதித்தால் மாதம் 1 சதவீத வட்டி சேரும். மின்சாரத்தில் 500 யூனிட்டைக் கவனியுங்கள். அதைத் தாண்டியவுடன், கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கான குறைந்த விலையும் பறிபோகும். வீடு கட்டுவதற்கு வாங்கிய தற்காலிக இணைப்பை, குடிபுகுந்த பிறகும் வீட்டு இணைப்பாக மாற்றாமல் அதிகக் கட்டணம் கட்டுபவர்களை இன்றும் பார்க்கிறேன். இது தேவையே இல்லாத செலவு.

வருமான வரியில் வட்டிக்குக் கழிவு கிடைக்கும் என்று நம்பித் தவணையை உயர்த்திக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சொந்தக் குடியிருப்புக்கான 2 லட்சம் ரூபாய் வரையிலான வட்டிக் கழிவு பழைய வரி முறையில் மட்டுமே உண்டு, புதிய முறையில் கிடையாது.

பழைய வீடு வாங்குவோர், கிரயத்துக்கு முன் கடைசிச் சொத்து வரி ரசீதையும் மின் கட்டண ரசீதையும் கேட்டு வாங்கியே தீர வேண்டும். சொத்து வரிப் பாக்கி வீட்டின் மீதே நிற்கும்; விற்றவர் போய்விடுவார், நோட்டீஸ் உங்கள் வாசலுக்கு வரும். கிரயம் முடிந்த கையோடு வரி விதிப்பையும் மின் இணைப்பையும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.