கொடை கேசட்டில் குலவை கேட்குமா?

திருநெல்வேலிச் சீமையில் சுடலைமாடன், முத்தாரம்மன், இசக்கியம்மன் கோயில் கொடைகளில், அதாவது கோயில் திருவிழாக்களில், பதிந்த வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, நாதஸ்வர கேசட்டுகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் உண்டு. கடை கேசட்டில் கதையை நாடாவின் நீளத்துக்கு வெட்டியிருப்பார்கள். கொடையில் வில்லுப்பாட்டின் முதன்மைப் பாடகரான புலவர் விடிய விடிய விரிப்பார். சாமியாடிக்கு அருள் வரும் நேரம் உடுக்கையும் தாளத்துக்கு அடிக்கும் மண்குடமும் வேகம் பிடிக்கும். அந்த ஏற்றம், அனுமதி கேட்டோ கேட்காமலோ அங்கேயே உட்கார்ந்து பதிந்த நாடாவில்தான் இருக்கும்.

ஆனால் கேசட்டை நம்புவதற்கு முன், ஒலியை எங்கிருந்து பிடித்தார்கள் என்று தெரியவேண்டும். மைக்செட்காரரின் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயர் இழுத்து எடுத்திருந்தால் புலவரின் சொல் தெளிவாக நிற்கும். மைக்குக்கு எட்டாத குடத்தின் அடி மெலிந்துபோகும். பெண்கள் போடும் குலவை அநேகமாக ஏறவே ஏறாது. கூட்டத்துக்குள் டேப்ரெக்கார்டரை வைத்து எடுத்ததில் குலவை இருக்கும், சொல் கலங்கும். குழாய் ஸ்பீக்கர்கள்தான் அதற்குக் காரணம். ஒன்று பந்தலிலும் இன்னொன்று தெருமுனையிலும் கட்டியிருப்பார்கள். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். ஒரு குழாயைவிட மற்றது 34 மீட்டர் தள்ளி இருந்தால், அதே சொல் நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தி மறுபடி விழும். இப்படிக் கலந்ததை எந்த மென்பொருளும் முழுதாகப் பிரித்துத் தராது.

சிறிய டேப்ரெக்கார்டர்களில் இன்னொரு கோளாறு. பதிவு அளவைத் திருகும் குமிழ் பலவற்றில் கிடையாது; உள்ளே ஒரு சர்க்யூட் தானாகவே அளவைப் பார்த்துக்கொள்ளும். கணியான் கூத்தில் மகுடம் என்ற தோல்கருவியின் அடி ஓங்கி விழுந்ததும் அந்த சர்க்யூட் மொத்த ஒலியையும் அமுக்கும், முன்னின்று பாடும் அண்ணாவியின் குரலும் சேர்ந்து முங்கும். அடி நின்ற பின் மெல்ல மெல்ல ஏற்றும், அப்போது கூட்டத்தின் இரைச்சல் பொங்கி வரும். கேட்பவருக்குப் பாட்டே மூச்சு வாங்குவதுபோல் இருக்கும். ஒயர் போட்டு, கையால் அளவு வைத்து எடுத்த நாடாவுக்கு மதிப்பு கூடுவது இதனால்தான்.

அடுத்து, கையில் இருப்பது எத்தனையாவது நகல்? பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை 1963-ல் வெளியிட்டது. நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம் 1964-ல் மறைந்தார். ஆக, அவருடைய கச்சேரி ஒன்று கேசட்டில் கிடைத்தால் அது பெரும்பாலும் கேசட்டுக்கு முந்தைய, திறந்த உருளையில் சுற்றிய ஸ்பூல் நாடாவிலிருந்து எடுத்த நகலாகவே இருக்கும். ஒவ்வொரு நாடாவும் தன் சொந்த ‘ஸ்ஸ்’ இரைச்சலைச் சேர்க்கும். ஒரே தரமுள்ள நாடாவில் ஒரு தடவை நகலெடுத்தால் இரைச்சலின் ஆற்றல் இரட்டிப்பாகும், அதாவது 3 டெசிபெல். அதோடு ஒவ்வொரு இயந்திரத்தின் வேகப் பிழையும் ஒட்டிக்கொள்ளும். கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பெல்ட் தளர்ந்தால் அந்த ஓட்டம் தடுமாறும். 6 சதவீதம் வேகம் கூடினால் சுருதி அரைச்சுரம் ஏறும். ஒரு கட்டையில் பாடியது ஒன்றரைக் கட்டையாகக் கேட்கும். இதை அறியாமல் ‘அந்தக் காலத்தில் அவர் இந்தச் சுருதியில் வாசித்தார்’ என்று எழுதுவது பெரிய தவறு.

வேகத்தைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஒயர் போட்டு எடுத்த பதிவில் கரண்டின் ‘ம்ம்’ முனகல் கலந்திருக்கும். ஆடாசிட்டி போன்ற மென்பொருளின் அலைவெண் படத்தில் அது 50 ஹெர்ட்ஸுக்குப் பதில் 51.5-ல் தெரிந்தால் நாடா 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது. சரியாக 50-லேயே நிற்கும் கோடு கேசட்டை ஓட்டும் உங்கள் டெக்கின் சொந்த முனகலாக இருக்கலாம், அதை விட்டு மற்றதைப் பாருங்கள். கொடைக்கு ஜெனரேட்டர் ஓடியிருந்தால் இந்தக் கணக்கு உதவாது.

கணினியில் ஏற்றும்போது முதலில் கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் உடைத்துவிடுங்கள்; தவறிப் பதிந்து அழியாது. நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே கூடாது. மற்ற கேசட்டுகளிலிருந்து பிரித்து வையுங்கள். நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் ஹெட்டுக்கு எதிரே நாடாவை அழுத்தும் சிறு கம்பளித் துண்டு உதிர்ந்திருந்தால் ஒலி மங்கி மங்கி வரும். அப்போது நாடாவை வேறு நல்ல கூட்டுக்கு மாற்ற வேண்டும். ஹெட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்த பிறகு, பக்கத்திலுள்ள ஸ்பிரிங் திருகைத் துளித்துளியாகத் திருப்பிக்கொண்டே ஜால்ராவைக் கேளுங்கள். ஜால்ரா எங்கே மிகக் கூர்மையாக ஒலிக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். பதிந்த கருவியின் ஹெட் சாய்வும் உங்கள் டெக்கின் சாய்வும் ஒத்துப்போகாததால்தான் பல கேசட்டுகள் கம்பளி போர்த்தியதுபோல் கேட்கின்றன. நாடாவின் மீது பழி போடுகிறோம், குறை திருகில். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைப் புதிதாகச் செய்ய வேண்டும்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாகக் கணினியில் பதியுங்கள். உச்சம் -6 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். இரைச்சல் நீக்குவதை நகலில் மட்டும் செய்யுங்கள். அளவு மீறினால் முதலில் போவது ஜால்ராவும் வில்லை அடிக்கும் வீசுகோலின் சலங்கையும்.

உரிமை விஷயமும் உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, நிகழ்த்தியவருக்கு 50 ஆண்டு உரிமை தருகிறது. பதிபவர் தன் சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவது 39-ஆம் பிரிவின்படி குற்றமில்லை. நகலெடுத்து விற்பது வேறு. அப்படி விற்றதில் புலவருக்குச் சல்லிக்காசு போவதில்லை. கோப்பின் பெயரில் ஊர், கோயில், தேதி, புலவர், குடக்காரர், எத்தனையாவது நகல் என எழுதுங்கள். முதல் பிரதியைப் புலவர் வீட்டுக்குக் கொடுங்கள். குடத்தில் யார், உடுக்கையில் யார் என்று அங்கேதான் அடையாளம் சொல்வார்கள்.