ஊரடங்கில் அரசு கொடுத்த பணம்: பேருந்துக்கு ஒரு வழி, ஆட்டோவுக்கும் கடைக்கும் இன்னொரு வழி

2021 மே 8, சனிக்கிழமை. தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் காசு கொடுக்காமல் பயணம் செய்யத் தொடங்கியது அன்றுதான். முந்தைய நாள் மு.க. ஸ்டாலின் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். அன்றே அவர் கையெழுத்திட்ட ஐந்து ஆணைகளில் இதுவும் ஒன்று. சனி ஓடியது, ஞாயிறு ஓடியது. திங்கட்கிழமை மே 10-இல் முழு ஊரடங்கு வந்து பேருந்துகளெல்லாம் பணிமனைக்குள் போய்விட்டன. சென்னையிலும் அதை ஒட்டிய மூன்று மாவட்டங்களிலும் ஜூன் 21-இல்தான் மறுபடி வண்டி எடுத்தார்கள். அதுவும் பாதி இருக்கைகளோடு. ஜூன் 28-இல் மேலும் 23 மாவட்டங்கள், ஜூலை 5-இல் மற்ற எல்லா இடங்களும் என்று படிப்படியாகத்தான் பேருந்து திரும்பியது.

அந்தக் காலத்தில் மாநில அரசு யார் யாருக்கு எப்படிப் பணம் கொடுத்தது என்று பிரித்துப் பார்த்தால், இன்றைக்கும் நமக்கு உதவுகிற ஒரு விஷயம் தெரியும். பேருந்தில் ஏறிய பெண்ணிடம் யாரும் அட்டை கேட்கவில்லை. ஆட்டோ ஓட்டுநரிடம் நல வாரிய அட்டையும் தள்ளுவண்டிக்காரரிடம் வியாபாரி அட்டையும் கேட்டார்கள். அட்டை இல்லாதவருக்கு அந்தத் தொழிலுக்கான பணம் வரவில்லை. இந்த ஒரு வித்தியாசத்தில்தான் பல குடும்பங்களின் ஊரடங்கு மாதங்கள் வேறு வேறாகப் போயின.

முதலில் பேருந்து.

டிக்கெட் இலவசம் என்றால் செலவு இல்லை என்று அர்த்தமில்லை. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் மொத்தம் எட்டு. அவற்றில் நெடுந்தூர வண்டிகளை மட்டும் ஓட்டும் விரைவுப் போக்குவரத்துக் கழகத்தை விட்டுவிடலாம். நகரப் பேருந்து ஓட்டும் மற்ற கழகங்கள் அரசுக்குச் சொந்தமான கம்பெனிகள். டீசல், டயர், சம்பளம் எல்லாவற்றுக்கும் அவை தாமே கணக்குப் பார்க்க வேண்டும். பெண்கள் கொடுக்காத கட்டணத்தை அரசு தன் கருவூலத்திலிருந்து மானியமாகக் கழகத்துக்குக் கொடுத்தால்தான் வண்டி ஓடும். அதற்காக முதலில் ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் ஆகும் என்று மதிப்பிட்டார்கள்.

அந்த நேரத்தில் கழகங்கள் இருந்த நிலையையும் பார்க்க வேண்டும். 2018 ஜனவரிக்குப் பிறகு கட்டணம் உயரவில்லை. கொரோனாவில் மாதக்கணக்கில் வண்டி ஓடவே இல்லை, ஓடியபோதும் இருக்கைகளில் ஒரு பகுதிக்குத்தான் ஆள் ஏற்றலாம். பாதி பேரை ஏற்றிக்கொண்டு போனாலும் வண்டி குடிக்கிற டீசல் ஏறக்குறைய அதேதான், ஓட்டுநரும் நடத்துநரும் அதே இரண்டு பேர்தான். 2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒரு பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நட்டம் என்று சொன்னது. அப்படிப்பட்ட நிறுவனத்திடம் பெண்களை இலவசமாக ஏற்றச் சொல்லிவிட்டு மானியம் தராமல் இருந்தால், கொஞ்ச நாளில் பேருந்தே இருக்காது. அதனால் இந்தத் திட்டத்தைப் பெண்களுக்கான சலுகை என்று மட்டும் பார்ப்பது பாதிப் பார்வைதான். காலியாகக் கிடந்த கழகங்களுக்கு உறுதியாக வந்து சேரும் ஒரு வருமானமும் இதுதான்.

தொகை ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. 2022–23 நிதிநிலை அறிக்கையில் 1,520 கோடி. அடுத்த ஆண்டு 2,800 கோடி, அதற்கடுத்து 3,050 கோடி, 2025–26-இல் 3,600 கோடி. ஏறியதற்குக் காரணம் எளிது. காசு இல்லை என்று நடந்தே போனவர்களும், வேலைக்கே போகாமல் இருந்தவர்களும் பேருந்தில் ஏறத் தொடங்கினார்கள். மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வில், இத்திட்டத்தைப் பயன்படுத்தும் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று தெரியவந்தது. வீட்டு வேலைக்கும் பூ விற்கவும் போகிற ஒருவருக்கு 888 ரூபாய் எவ்வளவு பெரிய தொகை என்று அவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

எந்த வண்டியில் செல்லும் என்பதில் இன்னும் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்து, அதாவது சென்னையில் வெள்ளை போர்டு என்று நாம் சொல்கிற வண்டி. எக்ஸ்பிரஸ், டீலக்ஸ், குளிர்சாதனப் பேருந்துகளில் செல்லாது. ஊர்விட்டு ஊர் போகும் புறநகர் வண்டிகளிலும் செல்லாது. 2022-இலிருந்து அடையாளம் தெரியட்டும் என்று வண்டியின் முன்னும் பின்னும் பிங்க் நிறம் பூசினார்கள். மாற்றுத்திறனாளிகள், அவர்களுடன் வரும் ஓர் உதவியாளர், திருநங்கைகள் ஆகியோரும் தொடங்கிய ஆண்டிலேயே சேர்க்கப்பட்டார்கள். மலைப்பகுதிகளில் நகரப் பேருந்து என்ற வகையே சரியாகப் பொருந்தாததால் அங்கே உள்ள பெண்கள் விட்டுப்போயிருந்தார்கள். அந்தக் குறையை 2024-இல்தான் சரிசெய்யத் தொடங்கினார்கள். 2023 சுதந்திர தின உரையில் திட்டத்துக்கு ‘விடியல் பயணம்’ என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு வேண்டுகோள். “இலவசம்தானே, டிக்கெட் எதுக்கு?” என்று சிலர் வாங்காமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். நடத்துநர் கிழிக்கிற அந்தக் கட்டணமில்லா டிக்கெட்தான் கணக்கு. எத்தனை பெண்கள் பயணம் செய்தார்கள் என்று அதை வைத்துத்தான் கழகம் அரசிடம் காட்டுகிறது. உங்கள் வழித்தடத்தில் கணக்கு குறைந்தால், நாளைக்கு அந்த வண்டிக்கு ஆள் இல்லை என்று சொல்லிவிட இடம் கொடுத்ததாக ஆகும். பரிசோதகர் ஏறினால் அவர் கேட்பதும் அந்தத் துண்டுச் சீட்டைத்தான்.

சரி, ஆட்டோவுக்கு வருவோம். இங்கேதான் எனக்கு வருத்தம்.

2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்கு 144 தடை வந்தது. அன்று சட்டமன்றத்தில் அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி 3,280 கோடி ரூபாய்க்கு நிவாரணம் அறிவித்தார். அரிசி அட்டை உள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் 1,000 ரூபாய், ஏப்ரல் மாத அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை இலவசம். இதற்கு மேல் கட்டுமானத் தொழிலாளர்களுக்கும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் தனியாக இன்னொரு 1,000 ரூபாய், 15 கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு கிலோ எண்ணெய். ஆனால் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கு மட்டும். நடைபாதை வியாபாரிகளுக்கும் கூடுதலாக 1,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது.

சென்னைக்கு வெளியே ஆட்டோ ஓட மே 23-இல்தான் அனுமதி கிடைத்தது. ஒரே ஒரு பயணியை ஏற்றலாம் என்ற நிபந்தனையோடு. சென்னையில் இன்னும் தாமதம். ஆக அறுபது நாள் வருமானம் இல்லை. அந்த மார்ச் அறிவிப்பின்படி, வாரிய அட்டையும் ரேஷன் அட்டையும் வைத்திருந்த ஓட்டுநருக்குக் கையில் வந்தது 2,000 ரூபாய், அதாவது நாளைக்கு 33 ரூபாய். வாரியத்தில் பதியாதவருக்கு 16 ரூபாய் சொச்சம். தொகை சின்னது என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, சாலையில் பேட்ஜ் போட்டு ஓட்டுகிற ஒருவரை ஓட்டுநர் என்று அரசு அறிந்துகொள்ள வாரியப் பட்டியலை மட்டுமே நம்பியது. அவருடைய உரிமம், வண்டியின் பதிவு, பெர்மிட் எல்லாமே போக்குவரத்துத் துறையிடம் ஏற்கெனவே இருந்தன.

மற்ற சில மாநிலங்கள் வேறு பட்டியலை எடுத்தன. கர்நாடகம் 2020 மேயில் ஆட்டோ, டாக்சி ஓட்டுநர்களுக்கு 5,000 ரூபாய் என்று அறிவித்தது, ஓட்டுநர் உரிமத்தை வைத்து விண்ணப்பிக்கச் சொன்னது. டெல்லியும் 5,000 ரூபாய் கொடுத்தது. ஆந்திரத்தில் 2019-இலேயே தொடங்கியிருந்த ‘வாகன மித்ரா’ திட்டத்தில் ஆண்டுக்கு 10,000 ரூபாய். 2020-இல் அதை ஜூன் மாதமே கொடுத்துவிட்டார்கள். ஆனால் ஆந்திரத்தில் சொந்த வண்டியைத் தானே ஓட்டுபவருக்கு மட்டும்தான். வாடகைக்கு எடுத்து ஓட்டுபவர் அங்கே விட்டுப்போனார். தமிழ்நாட்டு வாரியத்தில் அப்படி இல்லை, வாடகை வண்டி ஓட்டுபவரும் பதியலாம். அந்த வகையில் நம் ஏற்பாடு நல்லதுதான். பதிவு செய்யப்படாமலும் புதுப்பிக்கப்படாமலும் கிடப்பதுதான் பிரச்சினை.

2021 இரண்டாம் அலையில் ரேஷன் அட்டை வழியாகவே பெரிய தொகை போனது. குடும்பத்துக்கு 4,000 ரூபாய், மேயில் பாதி, ஜூனில் பாதியும் 14 மளிகைப் பொருட்களும். இரண்டு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இது போய்ச் சேர்ந்தது. ஆட்டோ, வாடகைக் கார்களின் சாலை வரிக்கு மூன்று மாத அவகாசம் கிடைத்தது. எஃப்.சி. (வாகனத் தகுதிச் சான்று), பெர்மிட், உரிமம் காலாவதியானவற்றை 2021 அக்டோபர் 31 வரை செல்லும் என்று ஏற்கும்படி ஒன்றிய அரசு சொன்னது.

வண்டி டியூ பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் ஏமாந்தது இதில்தான். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணை கட்டாமல் இருக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது தள்ளுபடி அல்ல. அந்த ஆறு மாத வட்டியும் கடனில் ஏறியது. இரண்டு கோடிக்கு உட்பட்ட கடன்களில் வட்டிக்கு வட்டி போட்டதை மட்டும் பின்னால் திருப்பிக் கொடுத்தார்கள். 2021-இல் எல்லாருக்குமான அந்தச் சலுகையும் இல்லை. வங்கியிடம் போய்த் தவணையை மாற்றி அமைக்கச் சொல்லிக் கேட்கத்தான் வழி இருந்தது.

கடைகளின் கதை இன்னும் சிக்கல். 2020 மார்ச் கடைசியில் சொத்து வரி, குடிநீர்க் கட்டணத்துக்கு ஜூன் 30 வரை அவகாசம் கொடுத்தார்கள். தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம் சிறுதொழில்களுக்கு 200 கோடி ரூபாய் ஒதுக்கிக் கடன் திட்டம் வைத்தது. 2021 மேயில், சிறு, குறுந்தொழில்களுக்கு அந்த ஆண்டு தரவேண்டிய முதலீட்டு மானியம் 280 கோடியில் 60 விழுக்காட்டை, அதாவது 168 கோடியை, உடனே விடுவிக்க முடிவெடுத்தார்கள். கடன் ஆவணங்களுக்கான முத்திரைத்தாள் கட்டணத்துக்கு விலக்கு, தொழில் வரிக்கு அவகாசம் என்றும் சில வந்தன.

இதைக் கேட்டு ஒரு மளிகைக் கடைக்காரர் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போயிருந்தால் வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பார். முதலீட்டு மானியம் இயந்திரம் வாங்கித் தொழில் செய்கிறவருக்கானது. வாங்கி விற்கிற வியாபாரத்தை 2017-இலிருந்தே சிறுதொழில் பதிவிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். 2021 ஜூலை 2-இல்தான் ஒன்றிய அரசு சில்லறை, மொத்த வியாபாரிகளை மறுபடி உதயம் என்ற சிறுதொழில் பதிவில் சேர்த்தது. அதுவும் முன்னுரிமைத் துறைக் கடன் பெறுவதற்கு மட்டும். ஊரடங்கின் மிக மோசமான மாதங்கள் அதற்குள் முடிந்துவிட்டன. வங்கிக் கடன் நிலுவையில் 20 விழுக்காடு வரை பிணையில்லாமல் மேலும் கடன் தரும் ஒன்றிய அரசின் அவசரக் கடன் திட்டமும், ஏற்கெனவே வங்கியில் கடன் வைத்திருந்தவருக்கே பயன்பட்டது. தண்டல் வாங்கிக் கடை நடத்தியவருக்கு வங்கிக் கணக்கில் நிலுவை ஏது?

தெருவோர வியாபாரிகளுக்குக் கிடைத்தது ஸ்வநிதி என்ற கடன் திட்டம். 2020 ஜூனில் தொடங்கிய ஒன்றிய அரசுத் திட்டம்தான் என்றாலும், உங்களை வியாபாரி என்று சான்று தருவது உங்கள் மாநகராட்சியோ நகராட்சியோ பேரூராட்சியோதான். முதலில் 10,000 ரூபாய், ஒழுங்காகக் கட்டினால் 20,000, அப்புறம் 50,000, 7 விழுக்காடு வட்டி மானியத்தோடு. 2025-இல் திட்டத்தை 2030 மார்ச் வரை நீட்டித்து முதல் கடனை 15,000, இரண்டாவதை 25,000 என்று உயர்த்தினார்கள். அடையாள அட்டை இல்லாவிட்டால் உள்ளாட்சியிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்கலாம். இது பலருக்குத் தெரியாமலே போகிறது.

இப்போது செய்ய வேண்டியவை. ஓட்டுநர், மெக்கானிக் என்றால் தமிழ்நாடு அமைப்புசாரா ஓட்டுநர்கள் மற்றும் தானியங்கி மோட்டார் வாகனங்கள் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் நல வாரியம். வயது 18 முதல் 60 வரை. ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், உரிமம், புகைப்படம் எடுத்துக்கொண்டு தொழிலாளர் துறையின் இணையதளத்தில் பதியலாம், அல்லது மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் கேட்கலாம். கடைக்காரர் என்றால் 1989-இல் ஏற்படுத்திய வணிகர் நல வாரியம், கூடவே உதயம் பதிவு. உதயத்துக்குக் கட்டணம் கிடையாது, காசு கேட்கிற இணையதளம் அரசு இணையதளம் அல்ல. தள்ளுவண்டி, நடைபாதைக் கடை என்றால் 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுக்க வேண்டும். உங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று நகர விற்பனைக் குழுவிடம் கேளுங்கள். அந்தக் குழுவில் 40 விழுக்காடு இடம் வியாபாரிகளுக்கே உரியது.

நல வாரியப் பதிவு ஐந்து ஆண்டுதான் செல்லும். ஊரடங்கு நேரத்தில் அவசரமாகப் போய் 2021-இல் பதிந்தவர்களின் அட்டைகள் 2026-இல் காலாவதியாகின்றன. அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.