பெலாரஸின் பன்னிரண்டு புள்ளிகள்

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. மத்திய ஐரோப்பாவில் இரவு ஒன்பது மணி. நம் ஊர்க் கடிகாரத்தில் ஞாயிறு பிறந்து அரைமணி நேரம் ஆகியிருக்கும். நாட்டுக்கு ஒரு பாடல் என்று பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோவிஷன் பாட்டுப்போட்டியின் இறுதிச் சுற்று தொடங்குகிறது. கோடிக்கணக்கானவர்கள் பாட்டைக் கேட்கிறார்கள். ஒரு சிறு கூட்டம் மட்டும் ஒரு கண்ணைத் தொலைக்காட்சியிலும் மறு கண்ணை விக்கிப்பீடியாவின் தொகுப்புப் பெட்டியிலும் வைத்திருக்கிறது. இவர்களுக்குச் சம்பளம் கிடையாது, கட்டுரையின் தலைப்பில் பெயரும் வராது. பெரும்பாலும் போட்டியின் தீராத ரசிகர்கள். ஆனால் தங்கள் நாடு தோற்றதையும் "14ஆம் இடம்" என்று உணர்ச்சியே இல்லாமல் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார்கள். ரசிகர்களை வைத்துக்கொண்டு இவ்வளவு வறண்ட, நம்பத்தக்க அட்டவணையை எப்படி உண்டாக்க முடிகிறது என்பது எனக்கு நெடுநாள் வியப்பு.

முதலில் வேலையின் அளவைப் பார்க்க வேண்டும். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒவ்வோர் ஆண்டின் போட்டிக்கும் ஒரு கட்டுரை உண்டு. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒன்று, அந்த நாடு அந்த ஆண்டு பங்கேற்றதற்கு இன்னொன்று. இவற்றோடு பாடகர்கள், பாடல்கள், தேசியத் தேர்வுச் சுற்றுகள். 1956இல் தொடங்கிய போட்டி என்பதால் இந்தக் கட்டுரைகள் ஆலமர விழுதுகளைப் போல் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. ஒரே முடிவைப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் மாற்ற வேண்டியிருக்கும். வரைபடத்தைக்கூட விடுவதில்லை. அரையிறுதியில் வெளியேறிய நாட்டின் நிறம் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியாக வேண்டும்.

இத்தனை கைகள் ஒரே பக்கத்தில் விழுந்தால் என்ன ஆகும்? ஸ்வீடனின் வரியை ஒருவர் திருத்துகிறார், அதே நிமிடம் பின்லாந்தின் வரியை இன்னொருவர் திருத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் சேமித்துவிட்டார். இரண்டாமவர் சேமிக்கும்போது விக்கி மென்பொருள் மூன்று பிரதிகளை எடுத்து வைத்துக்கொள்கிறது: அவர் திறந்தபோது இருந்த பழைய பிரதி, இப்போது தளத்தில் உள்ள பிரதி, அவர் கையில் உள்ள பிரதி. பழையதிலிருந்து மற்ற இரண்டும் எங்கெங்கே விலகுகின்றன என்று வரிவரியாக ஒப்பிடுகிறது. விலகல்கள் தள்ளித் தள்ளி இருக்கும் வரிகளில் விழுந்திருந்தால், சத்தமில்லாமல் இரண்டையும் சேர்த்துவிடுகிறது. ஒரே வரியிலோ ஒட்டிய வரிகளிலோ இருவரும் கைவைத்திருந்தால்தான் "தொகுப்பு முரண்" என்று நிறுத்தி, நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள் என்கிறது. ஏட்டுச்சுவடிகளை வைத்துப் பாடபேதம் பார்க்கும் பதிப்பாசிரியரின் வேலையை ஒரு நொடிக்குள் செய்யும் எந்திரம் என்று சொல்லலாம். அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்தையும் தனி வரியில் எழுதினால் மூலப்பிரதி அனுமார் வால்போல் நீளும். ஆனால் அப்படி எழுதினால் முரண் குறையும்.

இனி புள்ளிகள். 1975 முதல் ஒரு நாடு தனக்குப் பிடித்த பத்துப் பாடல்களுக்கு 12, 10, பிறகு 8 முதல் 1 வரை என்று புள்ளி கொடுக்கிறது. கூட்டினால் 58. 2016இலிருந்து நடுவர் குழு ஒரு தொகுதி, மக்கள் வாக்கு ஒரு தொகுதி எனத் தனித்தனியாகக் கொடுக்கிறார்கள். 2023இல் லிவர்பூலில் நடந்த போட்டியை எடுத்துக்கொள்வோம். இறுதிச் சுற்றில் 26 பாடல்கள். நடுவர் குழுக்கள் 37. மக்கள் வாக்கில் அந்த 37 நாடுகளோடு, பங்கேற்காத நாடுகளிலிருந்து இணையவழி வாக்களிப்போர் எல்லாரையும் ஒரே நாடாகக் கணக்கிட்டு 38. ஆக இரண்டு அட்டவணைகளில் 1,950 கட்டங்கள். அவற்றில் 750 கட்டங்களில் எண் இருக்க வேண்டும், மீதி 1,200 வெறுமையாக இருக்க வேண்டும். கட்டம் ஒன்று இடம் மாறினாலும் ஒரு நாட்டின் புள்ளி பக்கத்து நாட்டுக்குப் போய்விடும்.

இதைச் சரிபார்க்கும் வழி மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளை அறிந்ததுதான்: நெடுக்கிலும் குறுக்கிலும் கூட்டிப் பார்ப்பது. ஒவ்வொரு நாட்டின் பத்தியும் 58 வர வேண்டும். மொத்தம் 75 தொகுதிகள், 75ஐ 58ஆல் பெருக்கினால் 4,350. இப்போது குறுக்கே வாருங்கள். ஸ்வீடனின் லொரீன் 583, பின்லாந்தின் காரியா 526 என்று தொடங்கி, கடைசி இடத்து ஜெர்மனியின் 18 வரை 26 நாடுகளின் மொத்தத்தையும் கூட்டுங்கள். நானும் தாளில் கூட்டிப் பார்த்தேன்; 4,350தான். இதில் ஒரு சிறு மகிழ்ச்சி இருக்கிறது, கூட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் இந்தக் கணக்கை அன்றிரவே போட முடியாது. நேரடி ஒளிபரப்பில் நடுவர் புள்ளிகள் மட்டும்தான் நாடு நாடாக வரும். 12 பெறும் நாட்டை அறிவிப்பாளர் சொல்வார், மற்றவை திரையில் தெரியும். மக்கள் வாக்கோ ஒவ்வொரு பாடலுக்கும் ஒரே மொத்தமாக அறிவிக்கப்படும். எந்த நாடு எவ்வளவு கொடுத்தது என்பது நிகழ்ச்சி முடிந்த பிறகே வெளியாகும். அதுவரை இரண்டாவது அட்டவணை காலியாகத்தான் கிடக்க வேண்டும். ஆர்வக் கோளாறில் ஊகித்து நிரப்புகிறவர்கள் வராமல் இருக்க மாட்டார்கள். அவர்களைத் திருப்பி அனுப்புவதும் அன்றைய வேலைகளில் ஒன்று.

குறும்பர்களும் வருவார்கள். பாடிக்கொண்டிருக்கும்போதே "இவர்தான் வென்றார்" என்று எழுதுவார்கள். இப்படிப்பட்ட நேரங்களில் நிர்வாகிகள் பக்கத்துக்குப் பகுதிக் காப்பு போட்டுவிடலாம். கணக்குத் தொடங்கி நான்கு நாளும் பத்துத் தொகுப்புகளும் ஆகாத எவரும் பிறகு கைவைக்க முடியாது. இருவர் மாறி மாறி அழித்துச் சண்டை போட்டால், 24 மணிநேரத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைப்பவருக்குத் தடை காத்திருக்கிறது. வசைச் சொற்களை அழிக்க க்ளூபாட் என்.ஜி. என்ற தானியங்கி இருக்கிறது. நல்ல தொகுப்பு, கெட்ட தொகுப்பு என்று மனிதர்கள் முன்பு பிரித்துக் காட்டியவற்றிலிருந்து கற்றுக்கொண்ட எந்திரம் அது. ஆனால் ஒரு 7ஐ யாராவது 8 ஆக்கினால், அது விஷமமா திருத்தமா என்று எந்திரத்துக்கு எப்படித் தெரியும்? கட்டுரையைத் தன் கவனிப்புப் பட்டியலில் வைத்திருக்கும் மனிதர் ஒருவர் வந்து மூலத்தைத் திறந்து பார்த்தால்தான் உண்டு.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே கருத்தின் மேல் நிற்கிறது. தொகுப்பவருக்கு என்ன தெரியும் என்பதற்கு இங்கே மதிப்பில்லை. நம்பகமான மூலம் ஒன்று அதைச் சொல்லியிருக்கிறதா என்பதே கேள்வி. சரி, அந்த மூலமே தவறினால்? 2019இல் அதுதான் நடந்தது.

அந்த ஆண்டு டெல் அவிவில் போட்டி. அரையிறுதியில் தாங்கள் எப்படி வாக்களித்தோம் என்பதை இறுதிச் சுற்றுக்கு முன்பே பெலாரஸ் நடுவர்கள் வெளியே சொல்லிவிட்டார்கள். விதிப்படி அது குற்றம், குழுவே நீக்கப்பட்டது. இறுதிச் சுற்றில் அவர்களுக்குப் பதிலாக, அவர்களைப் போலவே வாக்களித்துவந்த நாடுகளின் முடிவுகளிலிருந்து கணக்கிட்ட புள்ளிகளைப் போடுவது என்று ஏற்பாடு. மே 18 இரவு பெலாரஸின் 12 புள்ளிகள் இஸ்ரேலுக்கு என்று அறிவிக்கப்பட்டது.

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் புருவத்தை உயர்த்தினார்கள். வேறெந்த நாட்டு நடுவரும் இஸ்ரேலுக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. பலரின் முடிவிலிருந்து எடுத்த சராசரி எப்படி எல்லாரும் ஒதுக்கிய பாடலைத் தலையில் தூக்கிவைக்கும்? ரசிகர்கள் துருவத் துருவ விஷயம் புலப்பட்டது: பட்டியலைத் தலைகீழாகப் பிடித்துவிட்டிருக்கிறார்கள். கடைசியில் இருக்க வேண்டியவை முதலில் வந்து புள்ளிகளை வாங்கிக்கொண்டுவிட்டன.

இங்கேதான் நம் கணக்குப்பிள்ளை ஏமாந்துபோகிறார். பட்டியல் நேராக இருந்தாலும் தலைகீழாக இருந்தாலும் 12, 10, 8 என்று கொடுத்தால் பத்தியின் கூட்டுத்தொகை 58தான். நெடுக்கில் கூட்டினாலும் குறுக்கில் கூட்டினாலும் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும். கூட்டல் சரிபார்ப்பு எண் தவறியதைக் கண்டுபிடிக்கும், வரிசை தவறியதைக் கண்டுபிடிக்காது.

மே 22 அன்று, போட்டியை நடத்தும் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் தவறை ஒப்புக்கொண்டு திருத்திய முடிவை வெளியிட்டது. பெலாரஸின் 12 புள்ளிகள் மால்டாவுக்குப் போயின. வெற்றிபெற்ற நெதர்லாந்தின் டங்கன் லாரன்ஸ் 492இலிருந்து 498க்கு உயர்ந்தார். நார்வே ஐந்தாம் இடத்திலிருந்து ஆறாம் இடத்துக்கு இறங்கியது, ஸ்வீடன் ஐந்தாவதாக ஏறியது. நடுவர் வாக்கில் முதலிடம் ஸ்வீடனிடமிருந்து வடக்கு மாசிடோனியாவுக்குப் போனது. இஸ்ரேல் 47இலிருந்து 35ஆகக் குறைந்தது. நடுவர் கணக்கில் பூஜ்யம்.

இடையில் அந்த நான்கு நாள்கள்! தவறு என்று தெரிந்த ஒரு தொகுப்பாளர் என்ன செய்ய வேண்டும்? விக்கிப்பீடியாவில் புதிய ஆய்வுக்கு இடமில்லை. கொடுத்திருக்கும் எண்களைக் கூட்டிச் சொல்வது ஆய்வாகாது, வெறும் கூட்டல் கழித்தலுக்கு அனுமதி உண்டு. ஆனால் எந்தெந்த நாடுகளின் சராசரி, எப்படிக் கணக்கிட வேண்டும் என்று தானே ஒரு முறையை வைத்துச் சரியான விடையைக் கண்டுபிடித்தால் அது ஆய்வுதான். விடை நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும் கட்டுரையில் ஏறாது. உரையாடல் பக்கத்தில் சொல்லலாம், வெளியே எழுதலாம், செய்தியாளர்கள் கவனிக்கும்படி செய்யலாம். அட்டவணையோ அதிகாரபூர்வமாக வெளியான எண்களைத்தான் காட்ட வேண்டும்.

இது மடத்தனம் என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கதவை அன்று ஒரு சரியான ரசிகருக்காகத் திறந்துவிட்டால், அதே கதவு வழியாகத் தன் நாட்டுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று நிரூபிக்கத் துடிக்கும் ஆயிரம் பேர் நுழைவார்கள். அவர்களிடமும் ஆளுக்கொரு கணக்கு இருக்கும். எது சரியான கணக்கு என்று தீர்ப்புச் சொல்ல முகம் தெரியாத தன்னார்வலர்களிடம் எந்த அதிகாரமும் இல்லை. தங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று ஒப்புக்கொண்டதால்தான் அவர்களால் வேலை செய்ய முடிகிறது. திருத்தம் வந்தபிறகு எல்லாப் பக்கங்களிலும் எண்கள் மாறின; முதலில் அறிவித்தது என்ன, ஏன் மாறியது என்பதும் கட்டுரையில் ஏறியது. அச்சுக் கலைக்களஞ்சியமாக இருந்தால் அடுத்த பதிப்புக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

கிரீஸும் சைப்ரஸும் ஒன்றுக்கொன்று 12 புள்ளி கொடுத்துக்கொள்ளும் கதையும் இதே சங்கதிதான். போட்டியைப் பார்க்கும் யாருக்கும் அது தெரியும். எண்கள் அட்டவணையிலேயே இருக்கின்றன. ஆனால் "நட்புக்காகக் கொடுத்தார்கள்" என்று ஒரு சொல் சேர்க்க வேண்டுமென்றால், அதை ஆராய்ந்து வெளியிட்டவர் ஒருவர் வேண்டும். நல்ல வேளையாக இந்தப் போட்டியின் வாக்குகளைப் பொருளியலாளர்களும் புள்ளியியலாளர்களும் விரும்பி ஆராய்ந்திருக்கிறார்கள்.

சில ஆண்டுகள் இலக்கணத்தையே சோதிக்கும். 2020 மார்ச் 18 அன்று கொரோனாவால் போட்டி ரத்தானபோது 41 நாடுகளின் பாடல்களும் தேர்வாகிவிட்டிருந்தன. "பங்கேற்றது" என்று எழுதினால் பொய். "பங்கேற்கவில்லை" என்றாலும் முழு உண்மையில்லை. "பங்கேற்கவிருந்தது" என்ற வினைமுற்றைப் பக்கம் பக்கமாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. (நம் மொழியில் இது ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது.) 2024இல் மால்மோவில் நெதர்லாந்தின் யோஸ்ட் க்ளைன் அரையிறுதியில் தேறியபின், இறுதிச் சுற்று நாளன்றே நீக்கப்பட்டார். ஐந்தாவதாகப் பாடவிருந்தவர் அவர். ஐந்தாம் எண்ணை வேறு யாருக்கும் கொடுக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். அட்டவணையிலும் நான்குக்குப் பிறகு ஆறு வரும். அதைக் கண்டு அச்சுப்பிழை என்று எண்ணித் திருத்த வருகிறவருக்காக அங்கே ஒரு குறிப்பும் வேண்டியிருக்கிறது.

எனக்கு இவற்றிலெல்லாம் பிடித்த பக்கம் முதல் ஆண்டினுடையது. 1956 மே 24, சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரம். ஏழு நாடுகள், நாட்டுக்கு இரண்டு பாடல்கள். சுவிட்சர்லாந்தின் லீஸ் அசியா வென்றார் என்று மட்டும் அறிவித்தார்கள். வாக்கெடுப்பு ரகசியமாக நடந்தது. புள்ளிகள் வெளியிடப்படவே இல்லை. முழு ஒளிப்பதிவும் கிடைக்கவில்லை. நூற்றுக்கணக்கான கட்டங்களைப் பத்து முறை சரிபார்க்கும் அதே கூட்டம், இந்த ஆண்டின் அட்டவணையில் ஒரு பாடலுக்கு எதிரே மட்டும் 1 என்று எழுதிவிட்டு மீதிப் பதின்மூன்று பாடல்களுக்கும் இடம் சொல்லாமல் விட்டிருக்கிறது. இரண்டாம் இடம் யாருக்கு என்று கதைகள் உலவுகின்றன. அவற்றில் ஒன்றை நம்பி யாராவது ஒரு 2ஐக் கொண்டுபோய் வைத்தால், மேற்கோள் இல்லை என்ற ஒருவரிக் குறிப்போடு அது நீக்கப்பட்டுவிடும்.