குளிர்ந்த பனி பளிச்சென்று தெரியும் கணக்கு

திருகோணமலையில் இருக்கிறவர்களுக்குத் துருவப் பனி எதற்கு? 2020 டிசம்பரில் புரெவி புயல் எங்கள் கரையில்தான் ஏறியது. அப்படியொரு புயலின் பாதையை முன்கூட்டிச் சொல்லும் கணினி மாதிரிகள் பல, உலகம் முழுவதன் காற்றையும் சேர்த்தே கணக்குப் பார்க்கின்றன. துருவத்தை வெற்றிடமாக விட வழியில்லை. அங்கே காற்றை அளக்க நுண்ணலைகளைப் பார்க்கும் செய்மதிகள் உதவுகின்றன; ஆனால் அவற்றுக்குக் காற்றோடு கீழேயுள்ள பனியும் சேர்ந்தே தெரியும்.

எல்லாப் பொருளும் நுண்ணலைகளை உமிழ்கிறது. அதன் வெப்பநிலையை உமிழ்திறன் என்ற எண்ணால் (எவ்வளவு நன்றாக உமிழ்கிறது என்பதை 0 முதல் 1 வரை காட்டுவது) பெருக்கினால், செய்மதிக்குத் தெரியும் பிரகாசம் கிட்டத்தட்ட வந்துவிடும். 19 கிகாஹேர்ட்ஸில் கடல்நீரின் உமிழ்திறன் ஏறத்தாழ 0.5, அந்தந்த மாரியில் (குளிர்காலத்தில்) உறைந்த புதுக் கடற்பனிக்கு 0.9க்கு மேல். ஆகவே 271 கெல்வின் நீர் சுமார் 135 ஆகத் தெரிய, 250 கெல்வின் பனி 225ஐத் தாண்டும். குளிர்ந்ததுதான் பளிச்சென்று தெரிகிறது! 1972 டிசம்பரில் ஏவப்பட்ட நிம்பஸ்-5 செய்மதி இந்த வித்தியாசத்தை வைத்தே, சூரியனில்லாத துருவ இரவிலும் முகில் மூடியிருந்தாலும் கடற்பனியைப் படம்பிடித்தது.

சரி, உமிழ்திறனை எப்படி எடுப்பது? செய்மதிக்கு வருவதில் தரை உமிழ்ந்தது ஒரு பங்கு. காற்று மேல்நோக்கி உமிழ்ந்ததும், கீழ்நோக்கி உமிழ்ந்து தரையில் பட்டுத் தெறித்ததும் கூடவே வரும். காற்றின் ஈரமும் வெப்பநிலையும் தரையின் வெப்பநிலையும் தெரிந்தால், எஞ்சும் தெரியாக்கணியம் உமிழ்திறன் மட்டுமே. எங்கள் திருகோணமலையின் கொட்டியாரக்குடாவுக்கு மேலுள்ள நீராவியை மழைக்காலத்தில் ஒடுக்கினால் 5 சென்ரிமீற்றர் அளவு தண்ணீர் கிடைக்கும். அந்தாட்டிக்காவின் உட்பகுதியில் மாரியில் 1 மில்லிமீற்றர்கூடத் தேறாது. அங்கே காற்றுக் கணக்கு சுலபம்.

தலையிடி பனிக்குள் இருக்கிறது. தாழ்ந்த அதிர்வெண்களில் நுண்ணலை உலர்பனியின் பல மீற்றர் ஆழத்திலிருந்தும் வரும். தரையின் வெப்பநிலைக்கு நாம் நம்பும் அகச்சிவப்புக் கருவி அளப்பதோ மேல்தோலின் வெப்பநிலையை. மாரியில் மேல்தோல் கடுங்குளிராகவும் உள்ளே சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும்போது, மேல்தோலின் வெப்பநிலையால் வகுத்தால் உமிழ்திறன் 1ஐயும் தாண்டிவிடலாம், நடக்கவே முடியாத காரியம்! பல ஆண்டு தாங்கிய பனி இன்னொரு வகை. உப்புநீர் வடிந்து காற்றுக்குமிழிகள் மிஞ்சியிருப்பதால், உயர் அதிர்வெண்களில் அலைகள் சிதறி அது மங்கும்.

காற்றின் வெப்பநிலையை அளக்க உதவுவது 50 முதல் 60 கிகாஹேர்ட்ஸ் வரை ஒட்சிசன் உமிழும் அலைகள். அவற்றுள் தாழ்காற்றைப் பார்க்கும் அலைவரிசைகளில் தரையும் கலந்து தெரியும். அதனால் 50.3 கிகாஹேர்ட்ஸில் உமிழ்திறனை உடனுக்குடன் கணித்து, பக்கத்திலுள்ள 52.8 போன்றவற்றுக்கும் அதையே கொடுக்கிறார்கள். உமிழ்திறனின் மாதச் சராசரி வரைபடத்தைவிட இதுவே மேல் என்பேன்: பனி உருகத் தொடங்கி ஈரமானால், உமிழ்திறன் சில மணி நேரத்திலேயே மாறிவிடும்.